ஒன்பது மார்க்

ஒட்டன்சத்திரத்தில் வலைத்தளம் நடத்தக் கற்றுக்கொடுக்கும் சுமையாவுக்கு முப்பது வயது. அவளுடைய மாணவர் தவசிமுத்துவுக்கு அறுபத்தொன்று. கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆட்டு வைத்தியம் பற்றி இரண்டு வருஷமாகத் தன் தளத்தில் எழுதி வந்தார்.

அன்று வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

“டீச்சர், தளத்தை மூடிடலாம்னு இருக்கேன்.”

“என்னாச்சு சார்?”

“அத்தாரிட்டி ஸ்கோர் நூத்துக்குப் பதினாலு இருந்துச்சு. இன்னைக்கு ஒன்பது. நான் ஒரு தப்பும் பண்ணலை. ஐந்நூறு லிங்க் விலைக்கு வாங்கினா முப்பதாக்கித் தர்றேன்னு ஒருத்தன் சொல்றான். அதுக்கு மூடிட்டே போயிடலாம்.”

“மார்க் போட்டது யாரு? கூகுளா?”

“இல்லை, வெளியில ஒரு கம்பெனி. நமக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்காங்கன்னு பார்த்து, குத்துமதிப்பா ஒரு கணக்குச் சொல்றாங்க.”

“அவங்க ஆடு வளர்க்கிறாங்களா?”

“விளையாடாதீங்க டீச்சர். வயித்தெரிச்சல்ல வந்திருக்கேன்.”

அவர் போன் அடித்தது. பாவம் மனுஷன், எடுக்கிற மனநிலையிலா இருந்தார்? கட் பண்ணினார். மறுபடியும் அடித்தது.

“எடுங்க சார்.”

மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். அவளுடைய ஆடு மழையில் நனைந்த பயறுச் செடியை மேய்ந்துவிட்டு, வயிறு உப்பிக் கிடக்கிறதாம்.

தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

“அழாதம்மா. முன்னங்காலை மேட்டுல வச்சு நிறுத்து. கடலை எண்ணெயைக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. தலையை அண்ணாத்திடாதே, புரையேறிடும். இடது விலாவை நீவிக்கிட்டே இரு. போனை வைக்காதே.”

கால் மணி நேரம் அப்படியே நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“ஏப்பம் விட்டுடுச்சா? அப்பாடா! நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டிடு. ஆமா, என் நம்பர் எப்படிம்மா கிடைச்சுது?”

“எங்க பால் சொசைட்டியோட இணையப் பக்கத்துல, ஆட்டுக்கு ஏதாவதுன்னா இதைப் பாருங்கன்னு உங்க தளத்தைப் போட்டிருக்காங்கய்யா.”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். திரையில் அதே ஒன்பது இருந்தது.

சுமையா கேட்டாள்: “உங்க மார்க் ஒன்பதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லவே இல்லையே சார்?”