கையெழுத்துப் போடாத கைதி

“மன்னிப்பு கொடுத்துவிட்டேன், சுவாமி. அந்த மனிதர் சிறையை விட்டு வர மாட்டேன் என்கிறார்.”

சொன்னவர் ஆதிமூலம், ஒரு சிறு குடியரசின் தலைவர். தூக்குத் தண்டனையைக்கூட ஒரு கையெழுத்தில் நிறுத்தக்கூடியவர். காவலர்களை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் தன் குருவைப் பார்க்கத் தனியாக ஏறி வந்திருந்தார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உள்ளே சாப்பாடு அவ்வளவு நன்றாக இருக்கிறதா?”

ஆதிமூலம் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கைதியின் பெயர் செல்லையா. முன்பு ஆதிமூலத்திடம் ஓட்டுநராக இருந்தவர். ஒரு மழை நாளில் இருவரும் போன கார், சைக்கிளில் போன ஒருவரை அடித்துப் போட்டது. நிற்காமல் போய்விட்டது. அடிபட்டவர் பிழைக்கவில்லை. செல்லையா ஒன்பது வருடமாகச் சிறையில் இருக்கிறார்.

அந்த நாட்டில் மன்னிப்புப் பத்திரத்தின் கடைசியில் ஒரு வரி உண்டு: ‘இக்குற்றத்தைச் செய்தவன் நானே.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும். செல்லையா போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு.

குரு அதை வாங்கிப் படித்தார்.

‘ஐயா, இதில் கையெழுத்துப் போட்டால் என் மகளும் நம்பிவிடுவாள். அது மட்டும் வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’

குரு இன்னொரு முறை படித்தார்.

“அந்த வரியை எடுத்துவிடேன்.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை.”

“சரி. நான் செய்யவில்லை என்று எல்லாக் கைதியும்தான் சொல்வான். நீ ஏன் இப்படி வாடிப்போயிருக்கிறாய்?”

ஆதிமூலம் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தார்.

“அன்று வண்டியை ஓட்டியது நான். பழியை ஏற்றுக்கொண்டால் இரண்டே மாதத்தில் வெளியே எடுத்துவிடுகிறேன் என்று செல்லையாவிடம் சொன்னேன். அவர் நம்பினார்.”

குரு எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஆதிமூலம் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“என் பெயருக்கே ஒரு பத்திரம் எழுதிக்கொள்ள முடியுமா என்றுகூடப் பார்த்தேன், சுவாமி. சட்டத்தில் இடமில்லை.”

குரு, செல்லையா திருப்பி அனுப்பிய பத்திரத்தை வாங்கித் தரையில் விரித்தார். கடைசி வரியின் கீழே இடம் வெறுமையாக இருந்தது. அதை ஆதிமூலத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஆதிமூலம் பேனாவைத் திறந்தார்.

மலைக்காற்றில் காகிதம் பறந்துவிடாமல் குரு அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.