பேனாவை மூடிய நீதிபதி

சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. நகராட்சித் தலைவரைத் திட்டி டீக்கடையில் போர்டு வைத்தவருக்குப் பேச்சுரிமை உண்டா என்பதுதான் கற்பனை வழக்கு. நீதிபதி நாற்காலியில் மூத்த வக்கீல் வேதாசலம். வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

தலைவர் பக்கம் நின்ற பட்டணத்து அணி பேசி முடித்தது. டீக்கடைக்காரருக்காக இசக்கியம்மாள் எழுந்தாள். இரவல் கறுப்புக் கோட்டு அவள் தோளில் நிற்கவில்லை.

வேதாசலம் முந்திக்கொண்டார். "ஏம்மா, பேச்சுரிமைன்னா யாரையும் எதுவும் சொல்லலாமோ? எங்கே, என் மனசு நோகிற மாதிரி ஒண்ணு சொல்லு. ஆனா நான் தண்டிக்க முடியாதபடி இருக்கணும். சொல்லிட்டா கேஸ் உன் பக்கம்!"

சபை சிரித்தது.

"சொல்றேன், ஐயா. நான் இன்னும் வாதத்தையே ஆரம்பிக்கலை. அதுக்குள்ள நீங்க ரெண்டு அணிக்கும் மார்க் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில வச்சிட்டீங்க."

வேதாசலம் மேசையைத் தட்டினார். "நீதிமன்ற அவமதிப்பு! பேச்சுக்கு ஒரு எல்லை இல்லையா?"

"இருக்கு, ஐயா. பொய்தான் எல்லை. அந்த மார்க் தாளைச் சபைக்குக் காட்டுங்க. நான் எல்லை தாண்டியிருந்தா இப்பவே வெளியே போறேன்."

வேதாசலம் காட்டவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் தள்ளிவிட்டு, புதுத் தாள் ஒன்று கேட்டார்.