தயிரைப் பெருக்கிய கதை

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாளில், ஆம்பூர்ப் பக்கத்து வீடொன்றில் ஒரு சொம்புத் தயிர் இருந்தது. சொம்பைக் கவிழ்த்தாலும் விழாது, அப்படி உறைந்திருந்தது. அந்தக் கெட்டித்தனத்தில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று எதிர்மனையில் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் வெயிலில் நின்று கலவையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சிவேளையில் வீட்டுக்காரர் மாசிலாமணி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"குணா, கலவை தூக்கற அஞ்சலைக்குத் தலை சுத்துதாம். வேப்பமரத்தடியில உட்கார வெச்சிருக்காங்க. மத்தவங்களும் வாடிப் போயிருக்காங்க. வீட்ல குடிக்கக் குடுக்க என்ன இருக்கு?"

"ஒரு சொம்புத் தயிர்தாங்க இருக்கு," என்றாள் அவர் மனைவி குணவதி. "அத்தனை பேருக்கும் அது எந்த மூலைக்கு?"

"பெருக்கிடு."

தயிருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவோரம் சாய்ந்திருந்த விளக்குமாறு நிமிர்ந்து பார்த்தது.

"கேட்டியா? என்னைத்தான் கூப்பிடறாங்க. இந்த வீட்ல பெருக்கற வேலை வேற யாருக்கு?"

"நான் என்ன குப்பையா?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆடை கட்டியிருக்கா இல்லையான்னு நான் பார்க்கறதில்லை."

குணவதி தயிரை ஓர் அண்டாவில் வழித்துப் போட்டு, மத்தால் கடைந்தாள். பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"போச்சு," என்று அழுதது தயிர். "முதல்ல கழுவறாங்க. அப்புறம் பெருக்கித் தள்ளப் போறாங்க."

"அழாதேக்கா," என்றது தண்ணீர். "மோருக்குத் தண்ணி விடறதையும் பெருக்கறதுன்னுதான் சொல்வாங்க. ஒரு சொம்பு ஆறு சொம்பு ஆச்சே, பெருகலையா?"

விளக்குமாறு பழையபடி கதவோரம் சாய்ந்துகொண்டது.

தயிருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "உன்னோட சேர்ந்தா நான் நீர்த்துப் போயிடுவேன். அப்புறம் யாரு என்னைத் தயிர்னு சொல்லுவாங்க?"

அப்போது மேலிருந்து விழுந்த உப்பு சிரித்தது. "கரைஞ்சப்புறம் என்னைக் கண்ணால பார்த்தவங்க யாரும் இல்லை. ஒரு நாள் நான் வராம இருந்தா, இலையில உட்கார்ந்த அத்தனை பேரும் என் பேரைத்தான் சொல்வாங்க."

தட்டிய இஞ்சியும் கிள்ளிய கறிவேப்பிலையும் விழுந்தன. குணவதியும் மாசிலாமணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவை வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனார்கள்.

முதல் டம்ளர் அஞ்சலைக்கு. குணவதி டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு, "மெதுவா குடிம்மா, அவசரமில்லை," என்றாள். இரண்டாவது டம்ளரை அஞ்சலையே வாங்கிக் குடித்தாள். மூன்றாவதற்கும் கை நீட்டினாள். அதற்குள் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அஞ்சலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"வயிறு குளுந்துச்சுக்கா. நீ நல்லா இருக்கணும்."

அந்தச் சொல்லைத் தயிரும் கேட்டது. இவ்வளவு குளிர்ச்சி தன்னிடம் இருப்பது, சொம்பில் கெட்டியாக உட்கார்ந்திருந்தவரை அதற்கே தெரியாது.