ஏழாவது சுற்று

கிரேக்கக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே கோயிலை ஒட்டி ஒரு குளம். அந்தக் குளத்தில் நாரைக் கூட்டம் ஒன்று இருந்தது.

ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன் நாரைகள் கடல் தாண்டி எகிப்துக்குப் பறக்கும். அதற்கு முதல் நாள் குளக்கரையில் வரிசை கட்டி நடனமாடும். தீவு மக்களும் பலிபீடத்தைச் சுற்றிக் கைகோத்து அதேபோல ஆடுவார்கள். யாரைப் பார்த்து யார் கற்றார்களோ! இரண்டு தரப்பும் தாங்கள்தான் முதல் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நாரைகளின் ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. வரிசையின் தலையில் நிற்கும் நாரை ஏழு சுற்று ஆடியதும் விலகி வாலுக்குப் போக வேண்டும். அடுத்த நாரை தலைக்கு வரும். கடைசியில் தலையில் நிற்பதுதான் மறுநாள் பயணத்தைத் தொடங்கும். பறக்கும்போதும் தலையில் இருப்பது இப்படியே முறை மாறும்.

கோரா என்ற நாரை தலைக்கு வந்தால் போதும், மக்கள் தங்கள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள். அதைக் கண்டு மெலித்தா என்ற நாரைக்கு வயிறு எரியும்.

"எனக்கில்லாத கால் அவளுக்கு என்ன இருக்கிறது? அவளுக்கும் இரண்டுதானே!"

குளத்துத் தவளை இதைக் கேட்டது. நாரைகளுக்குள் சண்டை வந்தால் தன்னைத் தின்ன நேரமிருக்காது என்று அது நினைத்தது.

"மெலித்தா அம்மா! தலையில் நிற்பவரைத்தான் ஊர் பார்க்கும். நீங்கள் ஏன் விலக வேண்டும்?" என்று தூபம் போட்டது.

அந்த ஆண்டு மெலித்தா தலைக்கு வந்தது. ஏழு சுற்று முடிந்தது. எட்டும் முடிந்தது. அது விலகவே இல்லை!

"அக்கா, என் முறை!" என்றது பின்னால் நின்ற கோரா.

"எனக்குக் கால் வலிக்கவில்லை!" என்றது மெலித்தா.

திருவிழா நாளில் சண்டை வேண்டாம் என்று கோரா பொறுத்துக்கொண்டது.

மறுநாள் மெலித்தா முன்னே பறந்தது. நடுக்கடலில் எதிர்காற்று பிடித்துக்கொண்டது.

"அக்கா, நேரமாகிவிட்டது! பின்னால் போங்கள், நான் முன்னால் வருகிறேன்!" என்று கத்தியது கோரா.

"ஓகோ! இங்கேயும் என் இடம் வேண்டுமா? மீன்கள் கைதட்டும் என்று பார்த்தாயோ?"

கொஞ்ச நேரத்தில் மெலித்தாவின் சிறகுகள் கனத்தன. அலையின் நுரை வயிற்றில் பட்டது. உட்கார ஒரு பாறைகூட இல்லை. மெலித்தா அலறியது.

"கோரா! நான் விழுகிறேன்!"

கோரா வரிசை முழுவதையும் மெலித்தாவின் உயரத்துக்குக் கீழே இறக்கி, தானே முன்னால் பாய்ந்தது. "வாலுக்குப் போங்கள்! சீக்கிரம்!"

வாலில் காற்று அவ்வளவாக மோதவில்லை. முன்னால் போன அத்தனை சிறகுகளும் அதை வாங்கிக்கொண்டன. வால்தான் இளைப்பாறும் இடம் என்பது அப்போதுதான் மெலித்தாவுக்குப் புரிந்தது. தலையில் கோரா மூச்சு வாங்கப் பறந்துகொண்டிருந்தது. அங்கே கைதட்ட ஒருவரும் இல்லை. மெலித்தாவுக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஆட்டத்தில் ஏழாவது சுற்று முடிந்ததும் மெலித்தா தானே விலகியது. தவளை தலையை நீட்டியது.

"என்ன அம்மா, மறுபடியும் வாலா? அந்தக் கோரா தள்ளிவிட்டாளா?"

"காது சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் வந்து சொல்!" என்றது மெலித்தா.

தவளை பக்கத்தில் வந்தது. ஒரே கொத்து! அதை விழுங்கிவிட்டு, மெலித்தா வாலில் போய் நின்று ஆடியது.

பொறாமைப்படுகிறவருக்கு அடுத்தவர் வாங்கும் கைதட்டல் மட்டுமே கேட்கும். அதற்காக அவர் படும் பாடு தெரியாது.