கை நனைக்க மாட்டேன்னு வந்த நாத்தனா

போர்வையை இழுக்காத தேனு. கண்ணை மூடிக்கிட்டே கேளு, ஆனா ம் கொட்டணும். நீ ம் கொட்டலைன்னா அத்தை எழுந்து போயிடுவேன், சுவத்துக்கெல்லாம் கதை சொல்ல என்னால ஆகாது.

ஒரு ஊர்ல ஒரு அடுப்படி இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, அடுப்படிதான். என்ன சிரிப்பு, கேளு. கொள்ளிடக் கரையில இருந்த ஊரு அது. அந்த அடுப்படிக்குச் சொந்தக்காரி பேரு தையல்நாயகி. அவ புருஷன் கலியபெருமாளு. கடைத்தெருவே மூடிக் கெடந்தாலும் அவ வீட்ல மட்டும் உலை கொதிக்கும்.

எப்படின்னு கேளு. புதுப் பருப்பு வாங்கியாந்தா, பழசு மேல கொட்ட மாட்டா. டப்பாவுல இருக்குறதை முறத்துல கவுத்துட்டு, புதுசை அடியில போட்டு, பழசை மேல போடுவா. அப்பதானே பழசு முதல்ல செலவாகும், வண்டு வைக்காது. கொத்தவரங்கா மலிஞ்சு கெடந்தா அவிச்சுக் காயவச்சு வத்தலாக்கிடுவா. வெயில் அடிக்கும்போதே மழைக்காலத்துக்குத் தாளிப்பு வடகம் உருட்டி வச்சுடுவா. பீர்க்கங்கா வாங்குனா காயி கூட்டு, தோலு தொவையலு. அவ வீட்ல எதுவும் வீணாப் போகாது, எதுவும் இல்லைன்னும் சொல்ல மாட்டா. ம் எங்க?

ம்.

ஆங். ஆனா பொறக்கும்போதே அவ அப்படி இல்ல. கல்யாணமாகி வந்த புதுசுல, நாத்தனா குஞ்சம்மா, அதான் கலியபெருமாளோட அக்கா, ஒரு ஜாடி நெறைய வடுமாங்கா போட்டுக் கொண்டாந்து கொடுத்தா. இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, ஈரக் கரண்டியை உள்ள விட்டுருச்சு. கொஞ்ச நாள்ல மேல வெள்ளையாப் பூத்துப் போச்சு. அய்யய்யோன்னு ஜாடியோட தூக்கிக் கொல்லைக் குப்பையில கவுத்துட்டா. கவுக்குற நேரம் பாத்தா கொல்லை வழியா குஞ்சம்மா வரணும்? வந்தா, பாத்துட்டா. ஏசல, கத்தல. இனிமே இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டு, வந்த வழியே போயிட்டா.

கை நனைக்கிறதுன்னா சாப்பிடறது. ஒருத்தர் வீட்ல கை நனைக்க மாட்டேன்னு சொன்னா, உன் ஒறவே வேண்டாம்னு சொன்ன மாதிரி.

அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. பொங்கலுக்குப் பொங்கல் தம்பி சீர் கொண்டு போவான், அக்கா வாங்கி வச்சுக்குவா, இந்தப் பக்கம் மட்டும் வர மாட்டா. சீர் குடுத்துட்டு வந்தவன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திண்ணையில உக்காந்துடுவான். அந்த மூஞ்சியப் பாத்துப் பாத்துத் தையல்நாயகிக்கு நெஞ்சு வேகும். எல்லாம் என்னாலதானேன்னு வேகும். அதுக்கப்புறந்தான் அந்த அடுப்படியை அவ அப்படிக் கட்டி ஆள ஆரம்பிச்சா.

அப்போ ஒரு ஐப்பசியில மழை புடிச்சுது பாரு, சோஓஓன்னு. தரைப்பாலம் முங்கிப் போச்சு. மக வீட்டுக்குப் போயிட்டிருந்த குஞ்சம்மாவோட பஸ்ஸு இந்த ஊரோட நின்னுபோச்சு. தம்பிக்காரன் குடையைத் தூக்கிக்கிட்டு ஓடினான். அவளுக்கும் வேற போக்கிடம் இல்ல. வந்தா. கூடத்துல நாற்காலியை வாசலப் பாத்துப் போட்டு உக்காந்துக்கிட்டா. தண்ணி வடிஞ்சதும் கெளம்பிடுவேன், எனக்கு ஒண்ணும் வேண்டாம்னுட்டா.

கலியபெருமாளு அடுப்படிக்குள்ள வந்து, "அக்கா பட்டினியாத் திரும்பிப் போச்சுன்னா அதோட சரி, தையலு. இனி நம்ம வாசப்படி மிதிக்காது" ன்னு மெதுவாச் சொன்னான். கடையும் இல்ல, காய்கறி வண்டியும் வராதுன்னு கையைப் பெசைஞ்சான்.

"கடை எதுக்கு?" ன்னா தையல்நாயகி.

தோசைமாவு புளிச்சுக் கெடந்துச்சு. சின்ன வெங்காயத்தையும் பச்ச மொளகாயையும் வதக்கி அதுல கொட்டி, பணியாரக் கல்லுல ஊத்தினா. சொய்ங்ங்ங். வாசம் கூடத்துக்குப் போச்சு, குஞ்சம்மா மூக்கு வெடச்சுது. தட்டுல வச்சுக் கொண்டு போனா, பல்லு வலின்னு வாசலப் பாத்துச் சொல்லிட்டா. பஞ்சாட்டம் இருக்குற பணியாரத்துக்கு எதுக்குடி பல்லு? நீயே சொல்லு.

ம்.

அப்புறம் மத்தியானம் வந்துச்சு. ஒரே ஒரு முருங்கக்கா, வாடிப்போன கத்திரிக்கா, ஒரு பிடி கொத்தவரங்கா வத்தல். தனித்தனியா வச்சா எதுக்கும் காணாது. புளியைக் கரைச்சு ஊத்தி எல்லாத்தையும் ஒரே மண்சட்டியில போட்டா. தளபுள தளபுளன்னு கொதிச்சுது. கடைசியில வடகத்தை நல்லெண்ணெயில பொரிச்சுக் கொட்டினா. சடசட, சர்ர்ர். தெருவே மோந்து பாத்துச்சு. குஞ்சம்மா தொண்டைக்குழி கொடக்குன்னு எறங்கி ஏறுச்சு. வாயி மட்டும் இன்னிக்கு வெரதம்னு சொல்லுச்சு. என்ன வெரதம்னு அவளுக்கே தெரியாது. கலியபெருமாளும் சோத்துல கைய வச்சான், எறங்கல, எந்திரிச்சுட்டான்.

தையல்நாயகிக்குக் கண்ணு கலங்குச்சு, இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கை சும்மா இருக்கல. குழம்பு கெட்டுப் போயிடக் கூடாதுன்னு மறுபடி அடுப்புல ஏத்திச் சுண்ட வச்சு, கிண்ணத்துக்கு மாத்தினா. சட்டியோட அடியில மட்டும் கறுப்பா, கெட்டியா, எண்ணெய் மெதக்க ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

வெளக்கு வைக்கிற நேரம். சட்டியை எடுத்துக்கிட்டு, கூடத்தைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் நடந்தா. குஞ்சம்மா பாத்தா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மறுபடி பாத்தா. நாற்காலி கிரீச்சுன்னுச்சு.

"அந்தச் சட்டியக் கழுவவா கொண்டு போற?"

வந்ததுலேர்ந்து அவகிட்ட நேராப் பேசின மொதப் பேச்சு அது.

"யாரு கழுவப் போறா அண்ணி? சோத்துப்பானை பின்கட்டுல இருக்கு. போட்டுப் பெரட்டலாம்னு போறேன்."

"உனக்குப் பெரட்டத் தெரியுமா? கொண்டா இங்க."

தாயில்லாத வீட்ல தம்பிய வளத்தவ குஞ்சம்மா. மிச்சச் சோத்தை இப்படிச் சட்டியில பெரட்டித்தான் அவனுக்கு வயிறு ரொப்பி விட்டா. அந்தக் கை சும்மா இருக்குமா? சட்டிய மடியில வச்சுக்கிட்டா, தையல்நாயகி ஓடிப்போய்க் கொண்டாந்த சோத்தை அள்ளிப் போட்டா, சளக் சளக்குன்னு பெரட்டினா. மொத உருண்டையத் தம்பி கையில வச்சா. அவ்ளோ பெரிய மீசைக்காரன், கொழந்தையாட்டம் அழுதுக்கிட்டே தின்னான். அடுத்த உருண்டை தையல்நாயகிக்கு.

உருண்டைய வாங்கிக்கிட்டு அவ, அன்னிக்கு நான் பண்ணது தப்புதான் அண்ணின்னா.

"ஈரக் கரண்டி எல்லாருந்தான் போடுவாங்க. ஜாடிய எங்கிட்டக் காட்டி, என்ன பண்ணலாம் அண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. கேக்காமக் கவுத்துட்டியே, அதான் எனக்கு ஆறல" ன்னு சொல்லிட்டு, அடுத்த உருண்டையத் தன் வாயில போட்டுக்கிட்டா. வெரலால வழிச்சு வழிச்சுத் தின்னா.

மறுநாக் காலையில மழை விட்டுருச்சு. பாலம் தெரிஞ்சுது. பாம் பாம்னு பஸ்ஸு வந்து நின்னுச்சு. அக்காவோட பையத் தூக்கிக்கிட்டுக் கலியபெருமாளு கூடத்துக்கு வந்தா, நாற்காலியில ஆளக் காணும். அடுப்படியில டக், டக்குனு சத்தம். எட்டிப் பாத்தா, குஞ்சம்மா முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறா.

பஸ்ஸு வந்துருச்சுக்கான்னான்.

"போவட்டும்டா. மத்தியானத்துக்கு நான் பொங்குறேன்."

அம்புட்டுதான். சட்டியும் காலி, கதையும் காலி. ம் எங்க தேனு? தேனு? சரி சரி, தூங்கு.