தவில் உறைக்குள் கிடந்த முகூர்த்தம்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் காலையில் தின்ற இட்லி நெஞ்சிலேயே நிற்கட்டும்.

சீர்காழியில் ஒரு தவில் இருந்தது. இரண்டு பக்கமும் வாய், நடுவே வெறும் வயிறு. அதை வாசித்தவர் குஞ்சிதபாதம். அவருடைய மச்சான் சட்டநாதன் நாகஸ்வரம். இருவருடைய வாத்தியங்களும் ஒரே அறையில் கிடக்கும். ஆள் இல்லாதபோது பேசிக்கொள்ளும்.

புரட்டாசியில் சட்டநாதன் ஃபுளூ ஊசி போடக் கிளம்பினார்.

"மாப்ளே, நீயும் வா."

"போன வருஷமும்தான் போட்டீங்க மச்சான். மூக்கு ஒழுகலையா?"

"ஒழுகுச்சு. ரெண்டே நாள்."

"அதுக்கு எதுக்கு ஊசி? நான் சும்மாவே ஒழுகிக்கிறேன்."

தவிலுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தை முதல் முகூர்த்தத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் வந்திருந்தது. அதற்காகவே புதுத்தோல் போட்டிருந்தார்கள். "தாலி ஏறும்போது கெட்டிமேளம் நான்தான்" என்று அது அறை முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தது.

மார்கழிக் கடைசியில், கச்சேரிக்குப் போன வேனில் டிரைவர் தும்மினார். மூன்றாம் நாள் மச்சான், மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் காய்ச்சல்.

"கேட்டியா கூத்தை!" என்றது தவில். "உன் ஆளு ஊசி போட்டவரு, என் ஆளு போடாதவரு. இருமல் மட்டும் ஒரே தாளத்துல வருது. தண்ணி ஊசிப்பா அது!"

 ஊதுவாயில் சீவாளி செருகாமல் நாகஸ்வரத்துக்குப் பேச்சு வராது. அதன் கழுத்தில் தொங்கிய சீவாளிக் கொத்திலிருந்து, பழுத்த நாணல் சீவாளி ஒன்றுதான் பேசியது.

"என்னை எப்போ செஞ்சாங்க தெரியுமா? போன ஆடியில. முகூர்த்தத்தன்னைக்கு மழையா வெயிலான்னு செஞ்சவனுக்கு என்ன ஜோசியமா தெரியும்? உத்தேசமா சீவி வெச்சான். ஈரம் ஏறினா கொஞ்சம் பிசிறடிப்பேன். அதுக்காக என்னைத் தூக்கிப் போட்டுட்டு வாசிச்சிடுவாங்களா? அந்த ஊசியும் அப்படித்தான். வரப்போற காய்ச்சல் எந்த ரகம்னு முன்னாடியே உத்தேசிச்சுச் செய்யறாங்க. சில வருஷம் கச்சிதமா பொருந்தும், சில வருஷம் அரைகுறை. போட்டவங்கள்ல நிறைய பேருக்குக் காய்ச்சலே அண்டாது. அண்டினாலும், பெரும்பாலும் ஆளைப் புரட்டிப் போடாது."

"நிறைய பேர்! பெரும்பாலும்! அரைகுறை!" தவில் அதிர அதிரச் சிரித்தது. "கெட்டிமேளத்தை அரைகுறையா அடிச்சா தாலி ஏறுமா?"

அடுத்த நாளே சட்டநாதன் எழுந்து ரசஞ்சோறு சாப்பிட்டார். குஞ்சிதபாதத்துக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு மயிலாடுதுறையிலிருந்து வேறொருவர் தன் தவிலோடு வந்தார். நம் தவிலையும் பழக்கதோஷத்தில் வேனில் ஏற்றியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால், வாழைத்தார்களுக்குப் பக்கத்தில், உறைக்குள் கிடந்தது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

மண்டபமே அதிர்ந்தது. நாகஸ்வரம் இரண்டு இடத்தில் பிசிறடித்தது, யாரும் கவனிக்கவில்லை. புதுத்தோல் மட்டும் ஓர் அடிகூட வாங்காமல் கிடந்தது. 

குஞ்சிதபாதம் பன்னிரண்டாம் நாள் பாதி உடம்பாக வீடு வந்தார்.

மறு புரட்டாசியில் அவர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளினிக் வழியாகப் போனார். வார் தானாக அறுந்தது. தவில் உருண்டது. கீழே அல்ல, மேலே! நான்கு படி ஏறி நர்ஸம்மா மேஜைக் காலில் முட்டி நின்றது. துரத்தி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"ஃபுளூ ஊசிக்கா?" என்றார் நர்ஸம்மா.

பேச முடியாமல் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது அவருக்கே தெரியாது. போட்டுவிட்டார்கள்.

அந்த மார்கழியிலும் அவருக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகத்தான் செய்தது. தவில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தையில் கெட்டிமேளம் அதனுடையதுதான்.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். தவில் காதுக்குப் போனால் ஊர் முழுக்க அடித்துச் சொல்லிவிடும்.