வாய் வைத்தால் சம்மதம்

ஊற்றுமடுவைச் சுற்றியிருந்த காட்டில் மந்திகள் ஒரு சேவை தொடங்கின. மரம் ஏறத் தெரியாத விலங்குகளுக்குக் காயும் கனியும் தளிரும் பறித்துக் கீழே போடும் சேவை. கூலி கிடையாது, எல்லாமே இலவசம்!

"மேலே காய்ப்பது எல்லாருக்கும்!" என்று மந்திகளின் தலைவன் உச்சியான் கிளைக்குக் கிளை தாவி அறிவித்தான். "எங்களுக்கு வேண்டியது உங்கள் புன்னகை மட்டுமே!"

இத்தனைக்கும் அந்தக் காட்டில் இது புதுசே இல்லை. மந்திகள் தின்றது போக உதிர்ந்ததை மான்கள் என்றைக்கும் பொறுக்கித் தின்றுகொண்டுதான் இருந்தன. சிறுத்தை தூரத்தில் வரும்போதே மந்திகள் மேலிருந்து 'கக்! கக்!' என்று குரைக்கும். மான்கள் வாசனை பிடித்தால் காலைத் தரையில் உதைத்து மந்திகளை உஷார்ப்படுத்தும். அதற்கெல்லாம் ஒரு பெயரும் இருந்ததில்லை. இப்போது சேவை என்று பெயர் வைத்தாயிற்று. சேவை என்றால் விதிகள் வேண்டுமே!

புதிதாக வருபவர் நாவல் மரத்தடியில் நிற்க வேண்டும். கீச்சுக்குரல் மந்தி ஒன்று உச்சிக்கிளையில் உட்கார்ந்து விதிகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். பாதி காற்றோடு போகும், மீதி இலைச் சலசலப்பில் போகும். அது ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே மூக்குக்கு நேராக ஒரு பழம் வந்து விழும். பசித்து வந்தவர் என்ன செய்வார்? கடிப்பார். கடித்ததுதான் தாமதம், "வாய் வைத்தால் சம்மதம்!" என்று மரம் முழுக்கக் கூச்சல் கிளம்பும்.

தும்பை என்ற புள்ளிமானும் அப்படித்தான் ஒரு நெல்லிக்காயில் வாய் வைத்தாள். கோடையில் புல்லெல்லாம் கருகிக் கிடந்த நேரம். வயிற்றில் குட்டி வேறு. விதிகளில் அவள் காதில் விழுந்தது, "மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் பொருட்டு" என்ற ஒரு துண்டு மட்டும்தான். சிறப்பாகச் செய்யட்டுமே, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

சேவை நிஜமாகவே சிறப்பாக நடந்தது. அவள் வாய் திறந்து கேட்கும் முன்பே வேண்டியது வந்து விழுந்தது. "எவ்வளவு அக்கறையாக நம்மைக் கவனிக்கிறார்கள்!" என்று பாவம், பூரித்தும் போனாள். கவனிக்கத்தான் செய்தார்கள்.

குட்டி பிறந்தது. ஈன்ற மான் குட்டியை உடனே கூட்டிக்கொண்டு திரியாது. புதருக்குள் படுக்க வைத்து, "நான் வர்ற வரைக்கும் அசையாதே" என்று சொல்லிவிட்டு மேயப் போகும். இடம் தாய்க்கு மட்டும்தான் தெரியும். தும்பை தன் தங்கையிடம்கூட மூச்சு விடவில்லை. போவது ஒரு வழி, வருவது ஒரு வழி என்று சுற்றிச் சுற்றியே போய் வந்தாள்.

ஒரு மாலை அவள் திரும்பியபோது, முன்னால் சிறுத்தை போய்க்கொண்டிருந்தது. மோப்பம் பிடிக்கவில்லை. அங்கே இங்கே தேடவும் இல்லை. சொந்த வீட்டுக்குப் போகிறவனைப் போல மேட்டுச் சூரைப்புதரை நோக்கி நேராக நடந்தது. அந்தப் புதருக்குள்தான் தும்பையின் குட்டி படுத்திருந்தது!

ஒரே பாய்ச்சலில் சிறுத்தையின் குறுக்கே விழுந்து, கால் முடம் போல இழுத்து இழுத்து ஓடினாள். சிறுத்தை புதரை விட்டுவிட்டு அவளைத் துரத்தியது. முட்காட்டில் புகுந்து, பிளந்த பாறையைத் தாண்டி, தொடையில் நகம் கிழித்த காயத்தோடு ஒருவழியாகத் தப்பினாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் நின்று சிறுத்தை சிரித்தது. "இன்னைக்குப் பிழைச்சே! குட்டியை எங்க வேணும்னாலும் மாத்தி வை. நானா தேடப்போறேன்? எனக்குச் சொல்றதுக்கு ஆள் இருக்கு!"

தும்பை குட்டியை நாணல் காட்டுக்கு மாற்றினாள். ஆனால் எத்தனை நாளைக்கு? மூச்சு கொஞ்சம் சீரான பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சிறுத்தை அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. ஒரு மந்திகூடக் குரைக்கவில்லை!

விடிந்ததும் நாவல் மரத்தடிக்குப் போனாள்.

"உச்சியான்! கீழே இறங்கு!"

"வாருங்கள், மதிப்புக்குரிய வாடிக்கையாளரே!" என்றான் உச்சியான், இறங்காமலே. "இன்று நெல்லியா, தளிரா?"

"என் குட்டி இருக்கிற இடம் சிறுத்தைக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் உங்ககிட்ட குட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே!"

"பேசவில்லைதான்," என்றான் உச்சியான் பெருமையாக. "எங்கள் திறமையே அதில்தான் இருக்கிறது! நெல்லி தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று இளந்தளிருக்கு மாறினாய், அதுவும் இரண்டு பங்கு. வயிற்றில் குட்டி என்று புரிந்தது. பிறகு மந்தையை விட்டுத் தனியாக வந்தாய். ஈன்றுவிட்டாய் என்று புரிந்தது. வந்த வழியே திரும்பாமல் சுற்றிப் போனாய். ஒளித்து வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. உன் குளம்பில் செம்மண் ஒட்டியிருந்தது. இந்தக் காட்டில் செம்மண் இருப்பது சூரைப்புதர் மேட்டில் மட்டும்தானே!"

தும்பை காலைத் தரையில் உதைத்தாள். "அதைச் சிறுத்தைக்கு வித்துட்டியா?"

"சேச்சே! விற்பதா? எங்கள் நம்பிக்கைக்குரிய கூட்டாளியோடு பகிர்ந்துகொண்டோம். அவர் எங்கள் மரத்தில் ஏறுவதில்லை. நாங்கள் அவரைப் பார்த்துக் குரைப்பதில்லை. உன் அந்தரங்கத்தின் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு, தும்பை!"

"அப்படின்னா மறந்துடு! என்னைப் பத்தித் தெரிஞ்சதையெல்லாம் இப்பவே மறந்துடு!"

"அது முடியாதே! ஒரு மந்திக்குத் தெரிந்தால் எல்லா மந்திக்கும் தெரிந்த மாதிரி. எல்லாம் விதிகளிலேயே இருக்கிறது. நெல்லிக்காயில் வாய் வைத்தாயா, இல்லையா?"

எப்பேர்ப்பட்ட நியாயம் பாருங்கள்! காதுக்கு எட்டாத உயரத்தில் உட்கார்ந்து விதியைச் சொல்வார்களாம். பசித்தவள் கடித்துவிட்டால் பெற்ற பிள்ளையையே கொடுக்கச் சம்மதித்ததாக ஆகிவிடுமாம். இந்த அநியாயத்தை இவ்வளவு பணிவான குரலில் பேச ஒரு மந்தியால்தான் முடியும்.

பக்கத்தில் விழுந்த பழங்களை மென்றுகொண்டிருந்த காட்டுப்பன்றி மொத்தையன் தலையைத் தூக்கினான். "எதுக்கு இப்படிக் கத்துறே, தங்கச்சி? நான் எங்க தூங்குறேன்னு ஊருக்கே தெரியும். தப்புப் பண்ணாதவங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?"

"உனக்குக் கோரைப்பல் இருக்குண்ணே. அதனால மறைக்க ஒண்ணும் இல்லை," என்றாள் தும்பை. "நான் ஒளிச்சு வெச்சது தப்பை இல்லை. என் குட்டியை!"

மொத்தையன் மெல்வதை நிறுத்தினான்.

அன்று முதல் தும்பை நாவல் மரத்தடிக்கே போகவில்லை. கருகிய புல்லைத் தின்றாள். நாளுக்கு ஒரு புதராகக் குட்டியை மாற்றினாள். ஓடை தாண்டி நடந்து குளம்பு மண்ணைக் கழுவினாள். பால் வற்றத் தொடங்கியது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தப்புச் செய்தவன் மரத்தின் மேல் சொகுசாக இருக்கிறான், நான் ஏன் ஒளிந்து ஒளிந்து சாக வேண்டும்?

வெயில் ஏற ஏற மற்ற குட்டைகள் வற்றின. ஊற்றுமடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. மரத்தில் எல்லாம் காய்க்கும், தண்ணீர் காய்க்காதே! மந்திகள் உச்சி வெயிலில் கூட்டமாகக் கீழே இறங்கி வந்தன. தாய் மந்திகள் குட்டிகளை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தன.

கரையில் தும்பை நின்றிருந்தாள். உச்சியான் குனிந்ததும், வாய்க்குள்ளேயே மளமளவென்று எதையோ முணுமுணுத்தாள். உச்சியான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாகம்! மடக்கு மடக்கென்று குடித்தான்.

"வாய் வைத்தால் சம்மதம்!" என்று தும்பை உரக்கக் கத்தினாள்.

உச்சியானுக்குப் புரை ஏறியது. "என்ன சம்மதம்?"

"நான் சொன்ன விதிக்கு! கேக்கலையா? கேக்காதது உன் தப்பு. மூக்கால அறிஞ்சதை நான் யார்கிட்ட வேணும்னாலும் பகிர்ந்துக்கலாம். சொல்றேன், கேட்டுக்கோ! முன்னெல்லாம் நாவல் மரத்தடியில பால் வாசனை அடிக்கும். இப்ப அடிக்கலை. சேவைக்கு இடம் வேணும்னு நீ தாய்மாரை அங்கிருந்து கிளப்பிட்டேன்னு புரிஞ்சுது. சாய்ஞ்ச இலுப்பை மரத்தடியில குட்டிங்க போட்ட சின்னப் புழுக்கை கிடக்கு. அங்கதான் நீ அவங்களைக் குடி வெச்சிருக்கேன்னு புரிஞ்சுது. கடிச்சுப் போட்ட இலையெல்லாம் தாழ்ந்த கிளை இலை. குட்டிங்க எந்தக் கிளையில தூங்குதுன்னு புரிஞ்சுது. அந்தக் கிளைக்குச் சிறுத்தை ஒரே தாவுல..."

"வாயை மூடு!" என்று உச்சியான் அலறினான். அவனுடைய பணிவெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. "எங்க குட்டிங்க தூங்குற இடத்தை மோந்து பார்க்க நீ யாரு? யாரைக் கேட்டுட்டுப் பண்ணினே? அது எங்க சொந்த விஷயம்!"

மொத்தையன்தான் முதலில் 'புர்ர்' என்று சிரித்தான்.

"பயப்படாதே," என்றாள் தும்பை. அவள் குரல் உடைந்திருந்தது. "நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. இன்னொருத்தி குட்டியைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வராது. உனக்கு எப்படி வந்துச்சு?"

தாய் மந்திகளில் மூத்தவள் கருமுகி முன்னால் வந்தாள். அவள் தும்பையின் தொடைக் காயத்தைப் பார்த்தாள், பிறகு உச்சியானைப் பார்த்தாள்.

"இலுப்பை மரத்து விஷயம் சிறுத்தைக்குத் தெரியுமா?"

"கூட்டாளியிடம் எதையும் மறைக்காமல் இருப்பதே நம் கொள்கை," என்று உச்சியான் இழுத்தான். "ஆனால் அவர் நம்மைத் தொட மாட்டார். வாக்குக் கொடுத்திருக்கிறார்!"

"மான்குட்டி கிடைக்கிற வரைக்கும் தொட மாட்டான். கிடைக்கலைன்னா?"

கருமுகி பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கவில்லை. குட்டிகளை அள்ளிக்கொண்டு தாய்மார் அத்தனை பேரும் நாவல் மரத்தின் உச்சிக்கு ஏறினார்கள். விதி ஒப்பிக்கும் கீச்சுக்குரல் மந்தியைக் கருமுகி காதைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே சிறுத்தை பசியோடு வந்தது. மான்குட்டி எங்கே என்று அதற்குச் சொல்ல இப்போது ஆள் இல்லை. அதனால் தேடவே தேடாமல், இலுப்பை மரத்தை நோக்கி நேராக நடந்தது!

"கக்! கக்! கக்!"

கருமுகிதான் முதலில் குரைத்தாள். அடுத்த மரம் எடுத்தது, அதற்கடுத்த மரமும் எடுத்தது. கீழே மான்கள் காலை உதைத்தன. மொத்தையன் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வழியை மறித்தான். சிறுத்தை திரும்பிய திசையெல்லாம் மேலிருந்து குரல் கூடவே வந்தது. ஒரு முயல்குட்டிகூட அகப்படவில்லை. சில நாள் வெறும் வயிற்றோடு அலைந்துவிட்டு அது மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. உச்சியான் பேச்சைக் கேட்க அதன் பிறகு யாரும் மரத்தடியில் நிற்கவில்லை.

மழை விழுந்து புல் துளிர்த்தபோது, தும்பை குட்டியோடு மடுக்கரைக்கு வந்தாள். மேலிருந்து ஒரு நெல்லிக்காய் பொத்தென்று விழுந்தது. குட்டி ஆசையாக வாயைக் கொண்டுபோனது. தும்பை காலால் நெல்லிக்காயை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பதிலுக்கு என்ன கேக்கப்போறீங்க?"

"ஒண்ணும் இல்லை, தாயி!" என்றாள் கருமுகி மேலிருந்து. "கை தவறி விழுந்துச்சு!"

தும்பை காலை எடுத்தாள். குட்டி கடித்தது. ஆனால் திரும்பும்போது அவள் சுற்று வழியில்தான் போனாள். மந்திகள் நல்லவர்களாகிவிட்டார்கள், சரி. தெரிந்ததை அவர்கள் இன்னும் மறக்கவில்லையே!

உங்கள் பசியையே சம்மதமாக எடுத்துக்கொண்டு உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்கிறவன் உங்களுக்குப் பரிமாறவில்லை. உங்களை இன்னொருவனுக்குப் பரிமாறுகிறான்.